ஜப்பானின் முதியோர் இல்லங்களில் எந்த ரோபோ நிலைத்தது?

2015 பிப்ரவரியில் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனமும் சுமிதோமோ ரிக்கோ நிறுவனமும் சேர்ந்து ரோபேர் என்ற ரோபோவை அறிமுகப்படுத்தின. வெள்ளைக் கரடி முகம், மெத்தென்ற இரண்டு கைகள், 140 கிலோ எடை. படுக்கையில் இருப்பவரை இரு கைகளிலும் ஏந்தி வீல்சேரில் உட்கார வைக்கும். அந்தப் படம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. முதியோரைக் கவனிக்கும் ரோபோ என்று பேச்செடுத்தால் இன்றைக்கும் பலர் அந்தக் கரடியைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் ரோபேர் விற்பனைக்கு வரவே இல்லை. ஆய்வுக்கூட மாதிரியாகவே நின்றுவிட்டது.

அதற்கு ஆறு வருடம் முன்னால், 2009இல், பாராமவுன்ட் பெட் என்ற கட்டில் நிறுவனம் ஒரு தகட்டை விற்கத் தொடங்கியது. பெயர் நெமுரி ஸ்கேன். மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டால் போதும். மேலே படுத்திருப்பவரின் மூச்சு, இதயத் துடிப்பு, உடம்பு அசைவு எல்லாம் மெத்தை வழியாக மிக நுண்ணிய அதிர்வாக இறங்கும். அந்த அதிர்வைப் படித்து, அவர் தூங்குகிறாரா, விழித்திருக்கிறாரா, எழுந்து உட்கார்ந்திருக்கிறாரா, கட்டிலை விட்டே இறங்கிவிட்டாரா என்று ஊழியர் அறையில் உள்ள திரையில் காட்டும். முகம் கிடையாது, கை கிடையாது. படம் பிடிக்கவும் அதில் ஒன்றும் இல்லை. ஜப்பானிய முதியோர் இல்லங்களில் புழக்கத்துக்கு வந்து நிலைத்தவை பெரும்பாலும் இந்த வகைதான்.

கரடி ஏன் தோற்றது, தகடு ஏன் நின்றது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தத் துறையின் பாதி விஷயம் விளங்கிவிடும். மீதிப் பாதி, இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரம் யாருக்குப் போகிறது என்ற கேள்வியில் இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தக் கேள்விதான் பெரியது.

ஆள் பற்றாக்குறையின் கணக்கு

2023 கணக்குப்படி ஜப்பான் மக்கள்தொகையில் 29 சதவீதம் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். 75 வயதைத் தாண்டியவர்கள் மட்டுமே 2 கோடிக்கு மேல். முன்பெல்லாம் இவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வீட்டு மருமகள் தலையில் விழுந்தது. வீட்டில் பார்த்துக்கொள்ள முடியாதவர்கள், சிகிச்சை தேவைப்படாமலேயே, மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார்கள். இதை மாற்றத்தான் 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு கொண்டுவரப்பட்டது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லாரும் சந்தா கட்டவேண்டும். செலவில் பாதி சந்தாவிலிருந்து, பாதி வரிப்பணத்திலிருந்து வருகிறது. ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை ஏழு படிகளாக மதிப்பிடுகிறார்கள். பயனாளி 10 சதவீதம் கட்டினால் போதும். வருமானம் கூடினால் 20, 30 சதவீதம்.

திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் வேலை செய்ய ஆள் இல்லை. பராமரிப்பு ஊழியரின் சம்பளம் மற்ற துறைகளின் சராசரியைவிடக் குறைவு. வேலை தேடி வரும் ஒருவருக்கு மூன்றுக்கும் மேற்பட்ட காலியிடங்கள் காத்திருக்கின்றன. 2040க்குள் இன்னும் சுமார் 5,70,000 ஊழியர்கள் கூடுதலாகத் தேவை என்று 2024இல் சுகாதார அமைச்சகம் கணித்தது. இந்த இடைவெளியை நிரப்ப அரசு கையில் எடுத்தவற்றில் ஒன்று ரோபோ. 2012இலேயே பொருளாதார அமைச்சகமும் சுகாதார அமைச்சகமும் சேர்ந்து, எந்தெந்த வேலைகளுக்குக் கருவி உருவாக்கலாம் என்று பட்டியல் போட்டன. தூக்கி மாற்றுவது, நடமாட்டம், கழிப்பறை, கண்காணிப்பு எல்லாம் அதில் இருந்தன. குளியல் பிறகு சேர்ந்தது. 2018 வரை மட்டும் இதற்கான ஆராய்ச்சிக்கு அரசு செலவழித்தது 30 கோடி டாலருக்கும் மேல்.

அவ்வளவு பணம் போயும், 2019இல் 9,000க்கும் மேற்பட்ட நிலையங்களில் கேட்டபோது, ஏதாவது ஒரு பராமரிப்பு ரோபோவைக் கொண்டுவந்ததாகச் சொன்னவை பத்தில் ஒன்றுதான்.

தூக்குவதில் என்ன சிரமம்?

ஒரு மூதாட்டியைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். பழகிய ஊழியர் முதலில் வீல்சேரைக் கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக நிறுத்தி பிரேக் போடுவார். மூதாட்டியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கால்களைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி, தோளைப் பிடித்து உட்கார வைப்பார். தலை சுற்றுகிறதா என்று கேட்டு ஒரு நிமிடம் பொறுப்பார். அப்புறம் தன் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, இடுப்பைச் சேர்த்துப் பிடித்து, முன்பக்கம் சாயச்சொல்லி எழுப்பி, அப்படியே திருப்பி உட்கார வைப்பார். சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடத்துக்குள் ராத்திரி தூங்கினீர்களா, கால் வீக்கம் வடிந்ததா, இன்றைக்கு மகள் வருகிறாளா என்று பேச்சும் நடந்து முடியும்.

ரோபேரை வெளியிட்டபோது ஆய்வாளர்கள் சொன்ன கணக்குப்படி, ஒரு ஊழியர் ஒரு நாளில் சுமார் 40 முறை இப்படித் தூக்க வேண்டியிருக்கிறது. இடுப்பு போகாமல் என்ன செய்யும்? 2013இல் சுகாதார அமைச்சகம் தன் இடுப்புவலித் தடுப்பு வழிகாட்டியைத் திருத்தி, முழுக்கப் பிறரைச் சார்ந்திருப்பவரை ஆள்பலத்தால் தூக்கவே கூடாது என்பதைப் பொதுவிதி ஆக்கியது. ஆக, தூக்கும் கருவிக்கான தேவை நிஜமானது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இனி கருவியோடு அதே காட்சி. ஜேம்ஸ் ரைட் என்ற மானுடவியலாளர் ஜப்பானிய முதியோர் இல்லம் ஒன்றில் பல மாதங்கள் இருந்து, மூன்று ரோபோக்கள் அங்கே வந்தபோது நடந்ததைக் கவனித்தார். ஒன்று, ஃபூஜி நிறுவனத்தின் ஹக். உட்கார்ந்திருப்பவர் அதன்மேல் முன்பக்கமாகச் சாய்ந்துகொண்டால் அது அவரை எழுப்பி, நின்ற வாக்கில் வேறு இடத்துக்கு மாற்றும். ஊழியர்கள் சில நாட்களிலேயே அதை ஒதுக்கிவிட்டார்கள். ஒவ்வொரு அறைக்கும் தள்ளிக்கொண்டு போகவேண்டும், நேரம் பிடிக்கிறது, அந்த நேரம் முதியவர்களோடு பேசிப் பழகும் நேரத்திலிருந்துதான் போகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அவர்களைப் புதுமைக்கு எதிரானவர்கள் என்று சொல்லிவிட முடியாது. தங்கள் வேலை எது என்பதில் அவர்களுக்கு இருந்த தெளிவு, கருவியை வடிவமைத்தவர்களுக்கு இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வடிவமைத்தவர்கள் தூக்குவதைத் தனி வேலையாகப் பிரித்து எடுத்தார்கள். ஊழியருக்கோ அது விசாரிப்பதோடும் பார்ப்பதோடும் தொடுவதோடும் கலந்த வேலை.

இதற்குப் பொருள் தூக்கும் கருவிகளே வேண்டாம் என்பதல்ல. டென்மார்க், ஸ்வீடன் போன்ற நாடுகளில் கட்டிலுக்கு மேலே கூரையில் தண்டவாளம் போட்டு லிஃப்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அறையிலேயே இருப்பதால் தேடிப்போய்த் தள்ளிவர வேண்டியதில்லை. ஜப்பானிலும் பானசோனிக் நிறுவனம் ரெசியோன் என்ற கட்டிலைச் செய்தது. கட்டிலின் ஒரு பாதி தனியாகப் பிரிந்து வீல்சேராக மாறிவிடும், தூக்கவே வேண்டாம். தனிநபர் பராமரிப்பு ரோபோக்களுக்கான ஐஎஸ்ஓ 13482 பாதுகாப்புத் தரச்சான்றை 2014இல் முதன்முதலாகப் பெற்றது இந்தக் கட்டில்தான். கரடியோடு ஒப்பிட்டால் இந்த யோசனை எவ்வளவு நேரடியானது பாருங்கள். மனிதக் கைகளைப் போலச் செய்யப் பார்ப்பதை விட்டுவிட்டு, தூக்கவேண்டிய தேவையையே எடுத்துவிட்டார்கள்.

இடுப்பில் மாட்டிக்கொள்ளும் உடைகளும் வந்தன. ட்சுகுபா நகரில் உள்ள சைபர்டைன் நிறுவனத்தின் ஹால், தோலில் ஒட்டிய சென்சார் வழியாகத் தசைக்குப் போகும் மின்சமிக்ஞையைப் படித்து மோட்டாரை இயக்கும். இன்னோஃபிஸ் நிறுவனத்தின் மசில் சூட், காற்றை அடைத்த செயற்கைத் தசையால் முதுகைத் தாங்கும், மின்சாரமே தேவையில்லை. தொழிற்சாலையில் பெட்டி தூக்குபவருக்கு இவை வசதி, ஏனென்றால் அவர் நாள் முழுக்க அதே வேலையைச் செய்கிறார். முதியோர் இல்லத்தில் ஒரு நிமிடம் தூக்க வேண்டும், அடுத்த நிமிடம் குனிந்து சோறூட்ட வேண்டும், அதற்கடுத்து இடுக்கான கழிப்பறைக்குள் நுழைய வேண்டும். உடையை எத்தனை தடவை மாட்டிக் கழற்றுவது?

கடல்நாய்க்குட்டி

ரோபோக்களில் உலகம் சுற்றி வந்தது பாரோதான். தகானோரி ஷிபாதா என்ற பொறியாளர் 1993இலிருந்து உழைத்து உருவாக்கிய கடல்நாய்க்குட்டி இது. தடவினால் கண்ணைச் சிமிட்டும், குரல் கொடுக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலையைத் திருப்பும். எடை ஏறக்குறைய ஒரு கைக்குழந்தையின் எடை. சார்ஜ் செய்யும் கம்பி குழந்தைகளின் சூப்பான் போல இருக்கும், அதை வாயில் வைத்தால் சார்ஜ் ஏறும். நாய், பூனை என்று செய்யாமல் கடல்நாயைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பூனை எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பொம்மைப் பூனை கொஞ்சம் பிசகினாலும் மனம் ஏற்காது. கடல்நாய்க்குட்டியை மடியில் வைத்துப் பழகியவர் யார் இருக்கிறார்? ஜப்பானில் 2005இல் விற்பனைக்கு வந்தது. 2009இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை மருத்துவக் கருவியாக வகைப்படுத்தியது.

பாரோ வேலை செய்கிறதா? மிக நேர்த்தியாகச் சோதித்தவர்கள் ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெண்டி மாய்ல் குழுவினர். குவீன்ஸ்லாந்தில் 28 நிலையங்களில், மறதி நோய் உள்ள 415 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பாரோ. இன்னொரு பிரிவுக்கும் அதே பாரோ, ஆனால் இயந்திரத்தை அணைத்துவிட்டு வெறும் பொம்மையாக. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். பத்து வாரம், வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம். 2017இல் முடிவு வந்தது. வழக்கமான பராமரிப்போடு ஒப்பிட்டால் பாரோ மனநிலையையும் பதற்றத்தையும் சற்று மேம்படுத்தியது. ஆனால் அணைத்துவைத்த பொம்மையோடு ஒப்பிட்டால், பேச்சிலும் பார்வையிலும் காட்டும் ஈடுபாட்டைக் கூட்டியதைத் தவிரப் பெரிய வித்தியாசம் இல்லை. பாரோவின் விலையோ அமெரிக்காவில் சுமார் 6,000 டாலர்.

இந்த முடிவை நான் பாரோவுக்கு எதிராக மட்டும் படிக்கவில்லை. மறதி நோயில் சொல் தொலைந்துபோன ஒருவருக்கு, மடியில் மென்மையாக, கனமாக ஏதோ ஒன்று இருப்பதே ஆறுதல் தருகிறது என்பதும் அதில் தெரிகிறது. அந்த ஆறுதலைக் கேலி செய்யும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் ரைட் கண்ட இல்லத்தில் ஒரு மூதாட்டி பாரோ பக்கத்தில் இல்லாமல் சாப்பிடவும் படுக்கவும் மறுத்தார். இன்னொருவர் அதன் ரோமத் தோலை உரிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆக, பாரோ இருக்கும் இடத்தில் ஒரு ஊழியரும் கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. சாஃப்ட்பேங்க் நிறுவனத்தின் பெப்பர் ரோபோவுக்கும் இதே கதை. அது முன்னால் நின்று கையைத் தூக்கி உடற்பயிற்சி சொல்லித்தரும். பக்கத்தில் ஊழியர் ஒருவரும் நின்று அதையே செய்துகாட்டி, அது சொன்னதையே திரும்பச் சொன்னால்தான் முதியவர்கள் கை தூக்கினார்கள். சில வாரங்களில் பாட்டும் பயிற்சியும் அலுத்துப்போய் பெப்பரை ஓரங்கட்டிவிட்டார்கள். 2020இல் அதன் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது.

ராத்திரி வேலை

தகட்டின் அருமை ராத்திரியில் தெரியும். பத்துப் பேர் சேர்ந்து ஒரு குடும்பம் போல வாழும் அலகுகளாகப் பிரிக்கப்பட்ட இல்லங்களில், இரவில் இரண்டு அலகுக்கு ஒரு ஊழியர் என்பது விதி. அதாவது சுமார் இருபது முதியவர்களுக்கு ஒரே ஆள். தகடு இல்லாத இடத்தில் அவர் மணிக்கொரு தரமோ இரண்டு மணிக்கொரு தரமோ ஒவ்வொரு அறைக்கதவாகத் திறந்து பார்க்க வேண்டும். கதவுச் சத்தத்திலும் வெளிச்சத்திலும் தூங்குகிறவர் விழித்துவிடுவார். விழித்தவர் கழிப்பறைக்குப் போக எழுவார், தடுமாறி விழுவார். இந்த அறையில் இருக்கும்போது அந்த அறையில் விழுந்தால் தெரியவும் தெரியாது.

திரை இருந்தால், யார் எழுந்து உட்கார்ந்தார் என்பது உடனே தெரிகிறது. அங்கே மட்டும் ஓடலாம். டயப்பர் மாற்றும் நேரத்தையும் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், அவரவர் விழித்திருக்கும் நேரம் பார்த்து வைத்துக்கொள்ளலாம். தூக்க மாத்திரை சரியாக வேலை செய்கிறதா, பகலில் சோர்ந்து கிடப்பவர் இரவெல்லாம் விழித்திருக்கிறாரா என்பதை வாரக்கணக்கில் எடுத்துப் பார்க்கலாம். டிஃப்ரீ என்ற இன்னொரு சிறிய கருவி, அடிவயிற்றில் ஒட்டிய அல்ட்ராசவுண்ட் சென்சாரால் சிறுநீர்ப்பை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்து, கழிப்பறைக்கு அழைத்துப்போக வேண்டிய நேரத்தைச் சொல்லும். சரியான நேரத்தில் அழைத்துப்போனால் டயப்பரே தேவைப்படாமல் போகலாம். மானத்தோடு வாழ்வதென்றால் முதுமையில் பெரும்பாலும் இந்த மாதிரி விஷயம்தான். இதற்கு உதவும் ஒரு சென்சாரை, பேசும் ரோபோவைவிட நான் மேலாக மதிக்கிறேன்.

இந்தக் கருவிகள் யாருடைய வேலையையும் பறித்ததாகத் தெரியவில்லை. ஸ்டான்ஃபோர்டின் கேரன் எகில்ஸ்டன், பொருளாதார அறிஞர்கள் யோங் சுக் லீ, தொஷியாகி இசுகா மூவரும் ஜப்பானிய இல்லங்களை 2017ஆம் ஆண்டுத் தரவை வைத்து ஆராய்ந்தார்கள். ரோபோ வாங்கிய இல்லங்களில் ஆட்கள் குறையவில்லை. பகுதிநேர, ஒப்பந்த ஊழியர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஊழியர்களைத் தக்கவைக்கும் சிரமமும் குறைந்திருந்தது. நிரந்தர ஊழியர்களில் நர்ஸ்களின் மாதச் சம்பளம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. இரவுப்பணி குறைந்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

மிச்சமான நேரம் யாருக்கு?

இங்கேதான் எனக்குக் கவலை. ராத்திரிச் சுற்றில் ஒரு மணி நேரம் மிச்சமானால் அதை ஊழியர் ஓய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம், தூக்கம் வராத ஒரு பெரியவரோடு உட்கார்ந்து பேசலாம். அல்லது நிர்வாகம் அதைக் கணக்கெடுத்து ஒரு ஆளைக் குறைக்கலாம். ஜப்பானின் விதிகள் மெல்ல மெல்ல மூன்றாவது வழிக்கும் கதவைத் திறந்துவிட்டிருக்கின்றன. 2021இல், எல்லாருக்கும் கண்காணிப்புக் கருவி பொருத்தியிருந்தால், அலகுகளாகப் பிரிக்காத பழைய பாணி இல்லங்கள் இரவு ஊழியர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள அனுமதி வந்தது. 2024இல், தனியார் இல்லங்களுக்கு, மூன்று முதியவருக்கு ஒரு ஊழியர் என்ற பழைய விகிதத்தை 0.9 ஆகத் தளர்த்த வழி செய்தார்கள். நிபந்தனைகள் உண்டு: ஊழியரின் சுமை கூடவில்லை, பராமரிப்பின் தரம் குறையவில்லை என்று முன்கூட்டியே சோதித்துக் காட்ட வேண்டும். அதே 2024இல் கருவி வைத்திருக்கும் இல்லங்களுக்குக் கூடுதல் கட்டணம் தரும் ஏற்பாடும் வந்தது. அதைப் பெறுகிற இல்லங்கள் ஒவ்வொரு வருடமும் பலன் குறித்த தரவைக் கொடுக்க வேண்டும்.

0.1 ஆள் என்பது காகிதத்தில் சின்ன எண்ணாகத் தெரியலாம். 90 பேர் இருக்கும் இல்லத்தில் அது மூன்று ஊழியர். ஒருவர் லீவு, ஒருவருக்குக் காய்ச்சல் என்று வரும் நாளில் அந்த மூன்று பேர் இல்லாதது நன்றாகத் தெரியும்.

ரோபோவால் நிரம்பாத இடைவெளியை ஜப்பான் வெளிநாட்டு ஊழியர்களைக் கொண்டு நிரப்பி வருகிறது. 2008இல் இந்தோனேசியாவிலிருந்து தொடங்கி, பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று விரிந்து, 2019இல் சிறப்புத் திறன் பெற்ற தொழிலாளர் விசா வந்தது. 2021 ஜனவரியில் இந்தியாவோடும் ஒப்பந்தம் ஆயிற்று. பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வோடு, பராமரிப்புக்கான தனி மொழித் தேர்வும் எழுத வேண்டும். நம் ஊர்களிலிருந்து அப்படிப் போக விரும்பும் பிள்ளைகள், அங்கே ரோபோ இருக்கிறது, நமக்கு வேலை லேசு என்று எண்ண வேண்டாம். பெரியவரைத் திருப்புவதும் ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் அங்கேயும் கையால்தான் நடக்கின்றன.

தமிழ்நாட்டிலும் முதுமை வேகமாக வருகிறது. 2021இல் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம் ஆகும் என்பது மத்திய அரசின் கணிப்பு. நமக்கு மேலே இருப்பது கேரளம் மட்டும்தான். இங்கே பராமரிப்பு என்றால் மகள், மருமகள், மனைவி. வசதி இருந்தால் ஏஜென்சி மூலம் வரும் அட்டெண்டர். விழுந்தால் செய்தி அனுப்பும் கைக்கடிகாரமும் கேமராவும் கடைக்கு வந்துவிட்டன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் முதலில் வாங்கி அனுப்புவதும் அவற்றைத்தான். வாங்குவதற்கு முன்னால், அலாரம் அடித்தால் பத்து நிமிடத்தில் வந்து சேரப்போகிறவர் யார் என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது.

ஜப்பானிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என் பார்வையில் வேறொன்று. அங்கே காப்பீட்டின் கீழ் கட்டில், வீல்சேர், லிஃப்ட், கைப்பிடி எல்லாம் வாடகைக்குக் கிடைக்கின்றன, பத்தில் ஒரு பங்கு செலவில். அவற்றோடு, பயிற்சி பெற்ற உபகரண ஆலோசகர் வீட்டுக்கே வந்து, ஆளின் உயரத்துக்கும் அறையின் அளவுக்கும் தகுந்தபடி சரிசெய்து, எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டி, பிறகும் வந்து பார்க்கிறார். நம் ஊரிலும் சர்ஜிக்கல் கடைகளில் தலைப்பக்கத்தை உயர்த்தும் ஃபவுலர் கட்டிலும் ஏர் பெட்டும் வாடகைக்குக் கிடைக்கின்றன. கொண்டுவருகிறவர் கட்டிலைப் பூட்டி, மோட்டாரைப் போட்டுக்காட்டி, முன்பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். பக்கவாதம் வந்த கணவரைப் புரட்டிப் படுக்கவைப்பது எப்படி, வழுக்குத் துணியை அடியில் விரித்து இழுத்தால் பாதி பலம் போதும் என்பதையெல்லாம் அறுபது வயதைத் தாண்டிய மனைவிக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. கட்டில் வாடகையோடு அரை மணி நேரம் ஒரு ஃபிசியோதெரபிஸ்டையும் சேர்த்து அனுப்பும் ஏற்பாட்டைக் கடைகளோ மாநகராட்சியோ தொடங்க, எந்த ஆய்வுக்கூடத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.